இடுப்புக்கும் தோளுக்கும் ஒரே தோட்டா

அமெரிக்காவில் 1873-ல் வின்செஸ்டர் கம்பெனியார் ஒரு ரைபிளை வெளியிட்டார்கள். அதன் தோட்டாவையே ஏற்கும் ரிவால்வரைக் கோல்ட் கம்பெனியார் 1878-ல் கொண்டுவந்தார்கள். காட்டில் திரிகிறவனுக்கு இதைவிடச் சௌகரியம் வேறு ஏது? (அதே 1878-ல்தான் நம்மவர் லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று லிட்டன் பிரபுவின் சர்க்கார் சட்டம் செய்தது. வெள்ளையருக்கோ விலக்கு!)

அந்த மோகம் அங்கே இன்னும் தீரவில்லை. கைத்துப்பாக்கித் தோட்டா போடும் ரைபிளால் மான் வேட்டையாட இந்தியானா மாகாணத்தார் 2007-ல் அனுமதி தந்தார்கள். ".357 மாக்னம்" தோட்டா நீண்ட குழலில் கூடுதல் வேகம் பெறும் என்பதை நாம் மறுக்கவில்லை, வெடிமருந்தின் ஆவி குண்டைத் தள்ளுவதற்கு அங்கே அதிக தூரம் கிடைக்கிறது. ஆனால் குண்டோ குட்டை, முனை மொண்ணை. காற்று அதன் வேகத்தைச் சீக்கிரமே தின்றுவிடும். சுமார் 100 கஜத்துக்கு அப்பால் சுட்டால் மான் உடனே விழும் என்பது நிச்சயமில்லை. காயத்தோடு புதரில் புகுந்து மணிக்கணக்கில் துடிக்கக்கூடும்.

ஆகவே, இதை வாங்க எண்ணுகிறவர் தோட்டாச் செலவைக் கணக்கிடுமுன், தாம் போகும் காட்டில் மான் எவ்வளவு தூரத்தில் தென்படும் என்று பார்க்கட்டும். அடர்ந்த காடானால் இது போதும். வெட்டவெளியானால், வேறு ரைபிளைத் தேடுவதே அந்தப் பிராணிக்கு அவர் செய்யக்கூடிய தயை.