குசினிச் சுவரைப் படம் பார்த்துத் தெரிவு செய்யாதீங்க

ஓர்ஸ் ஹில்லில் எங்கட வீட்டுக் குசினியைத் திருத்தினபோது அடுப்புக்குப் பின்சுவருக்கு டைல்ஸ் தெரிவு செய்தது நான். கனடாவில இருக்கிற சித்தப்பா வீட்டுப் படம்தான் மாதிரி. நாலு அங்குலச் சதுரம், மினுக்கமில்லாத மேட் ரகம், இடைவெளிக்கு வெள்ளைக் குரௌட். கடை வெளிச்சத்தில் அருமையாத்தான் இருந்தது.

மூன்று மாதத்தில் பாரை மீன் பொரிச்ச எண்ணெயும் மஞ்சளும் குரௌட்டுக்குள்ள இறங்கிட்டுது. இப்ப ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா பழைய பிரஷ்ஷோட நின்று கோடு கோடாய் உரசுறா. தோள் நோவு வேற. தினமும் அந்தச் சுவருக்கு முன்னால நிற்கிற மனிசியிட்ட நான் ஒரு வார்த்தை கேட்கேல்ல. இந்த விசயத்தில் நாங்கள் விடுற பெரிய பிழை நிறத்தில இல்லை, இதிலதான்.

கணக்கைப் பாருங்க. ஆறு அடி நீளம், இரண்டு அடி உயரமான சுவர். நாலு அங்குல டைல்ஸ் 108 வேணும். இடைக்கோடு மொத்தம் 64 அடி. அதே சுவருக்கு ஓரடிக்கு இரண்டடி டைல்ஸ் ஆறு போதும். கோடு பத்தே அடி. சீமெந்துக் குரௌட்டில் நுண்துளைகள் இருக்கு, எண்ணெயை உறிஞ்சும். எபொக்சிக் குரௌட் உறிஞ்சாது. ஆனால் விலை கூட, கெதியில இறுகும், பழகின மேசன் வேணும். துணியில பட்ட மஞ்சள் வெயிலில் வெளுக்கும். சுவரைக் கழற்றி வெயிலில போட ஏலாதே!

உண்மையான மார்பிள் கல்லும் வேண்டாம். தேசிக்காயும் புளியும் பட்டால் அதின்ர மினுக்கம் போயிடும். உயரத்திலயும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. தாளிக்கும்போது கடுகு எங்க மட்டும் பாயுது என்று ஒருநாள் நின்று பாருங்க. கடல் காற்று அடிக்கிற எங்கட ஊரில் ஓரத்துக்கு மலிவான இரும்புப் பட்டியும் சரிவராது.

இன்னொன்று. வடிவில்லை என்று பழைய புகைக்கூட்டை இடிக்கிறாங்கள். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றது அதுக்குள்ள மறந்திட்டுதா? அப்ப எத்தனை வீட்டில திரும்ப விறகு மூட்டினோம்! புகைக்கூடு இல்லாத புதுக் குசினிகளில் கரி முழுக்கச் சுவரிலதான்.

அழகு வேண்டாம் என்று நான் சொல்லேல்ல. சித்தப்பா வீட்டில் புகையை வெளியே இழுக்கிற மிசின் இருக்கு, மீன் பொரிக்கிறதும் எப்பவாவதுதான். அந்தச் சுவர் அங்க அழகாய்த்தான் இருக்கும்.

அடுத்த கிழமை மேசன் வாறார். இந்தமுறை மூன்று சாம்பிள் டைல்ஸ் கொண்டுவந்து அம்மாவிட்டயே குடுத்தன். அவ ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மீன்குழம்பை ஊற்றி இரவு முழுக்க விட்டா. விடியத் துடைச்சுப் பார்த்திட்டு, நான் திரும்பியும் பார்க்காத மண்ணிற டைல்ஸை எடுத்தா. குரௌட்டும் அதே நிறத்திலயாம். ஒரு பெட்டி கூட வாங்கி வைக்கட்டாம். பிறகு உடைஞ்சால் அதே நிறம் கிடைக்காதாம்.