விழுந்தவன் எழுந்துட்டான்னு உடனே கைதட்டாதீங்க

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. விளையாட்டு பத்தினதுதான், ஆனா விளையாட்டா எழுதல.

2024 செப்டம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை காலை. நைட் டியூட்டி முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருக்கற டீக்கடையில உட்கார்ந்து போன்ல மேட்ச் பார்த்துட்டு இருந்தேன். கிரிக்கெட் இல்ல. அமெரிக்க ஃபுட்பால். கையால பந்தைத் தூக்கிட்டு ஓடுவாங்களே, ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் மோதி சாய்ப்பாங்களே, அது. மயாமி டால்ஃபின்ஸும் பஃபலோ பில்ஸும் மோதின ஆட்டம்.

"அரசு டாக்டருக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்பீங்க. என் சித்தி பையன் ஃப்ளோரிடாவுல வேலை பார்க்கறான். அவன்கிட்ட இருந்து தொத்திக்கிட்ட பழக்கம். நான் டால்ஃபின்ஸ் ரசிகன். குளிர்காலம் வந்தா காலேஜ் பாஸ்கெட்பாலும் பார்ப்பேன்.

அப்போ டால்ஃபின்ஸ் அணியோட குவார்ட்டர்பேக்கா இருந்தவர் டுவா டங்கோவைலோவா. பந்தை எறியறவர், ஆட்டத்தை நடத்தறவர். மூணாவது கால்பகுதியில அவரே பந்தை எடுத்துட்டு ஓடினார். தலையைக் குனிஞ்சு எதிர் அணி வீரர் மேல மோதினார். கீழே விழுந்தார். விழுந்த அடுத்த நொடி அவரோட கை விறைச்சு, விரல்கள் வளைஞ்சு நின்னுச்சு.

அந்தக் கையைப் பார்த்ததும் என் டீ ஆறிப்போச்சு. தலையில அடிபட்டவங்க கை அப்படி விறைச்சா, மூளைக்குள்ள பலமான அதிர்ச்சி போயிருக்குன்னு அர்த்தம். எம்.பி.பி.எஸ். படிக்கிற பையனுக்கே தெரியும்.

கொஞ்ச நேரத்துல எழுந்து நடந்து வெளியே போனார். எங்க ரசிகர் வாட்ஸ்அப் குரூப்புல வந்த முதல் மெசேஜ் என்ன தெரியுமா? "எழுந்துட்டான்!" கூடவே கைதட்டற பொம்மை நாலு. ரெண்டாவது மெசேஜ்: "அடுத்த மேட்சுக்கு வந்துடுவான்ல?"

இந்த ரெண்டு மெசேஜுக்கும் எதிராத்தான் இந்த இழையை எழுதறேன். முதல் குற்றவாளி நான்தான், அதையும் சொல்லிடறேன்.

ரெண்டு வருஷம் பின்னாடி போவோம்.

2022 செப்டம்பர் 25. அன்னிக்கும் பஃபலோதான் எதிரணி. டுவா பின்பக்கமா விழுந்து தலை தரையில மோதுச்சு. எழுந்தார், தலையை உதறினார், ரெண்டு அடி நடந்தார், கால் தள்ளாடி மறுபடி விழப் போனார். கூட இருந்தவங்க தாங்கிப் பிடிச்சாங்க. தலையில அடி, அதுக்கப்புறம் தள்ளாட்டம். எமர்ஜென்சி வார்டுல இப்படி ஒருத்தர் வந்தா, "வீட்டுக்குப் போங்க"ன்னு அனுப்புவேனா?

ஆனா அவரை மறுபடி ஆட அனுப்பினாங்க. தள்ளாடினதுக்குக் காரணம் முதுகு வலின்னு விளக்கம் சொன்னாங்க. டால்ஃபின்ஸ் 21-19ன்னு ஜெயிச்சது. நான் குதிச்சேன்.

நாலே நாள் கழிச்சு, செப்டம்பர் 29, சின்சினாட்டியில ஆட்டம். டுவாவைத் தூக்கிச் சுழற்றி தரையில அடிச்சாங்க. விரல்கள் முகத்துக்கு முன்னாடி கோணலா விறைச்சு நின்னுச்சு. ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போனாங்க.

அப்புறம் லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து விசாரிச்சாங்க. முதல் ஆட்டத்துல விதிப்படிதான் நடந்திருக்கு, ஆனா அந்த விதி எதுக்காக எழுதப்பட்டதோ அது நடக்கலைன்னு முடிவுக்கு வந்தாங்க. அக்டோபர்ல விதியை மாத்தினாங்க. உடம்பு நிலைதடுமாற்றம் தெரிஞ்சா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சது, திரும்ப இறக்கவே கூடாது.

நல்ல விதி. ஆனா ஒரு மனுஷன் ஸ்ட்ரெச்சர்ல போன பிறகுதான் வந்துச்சு.

அதே வருஷம் டிசம்பர் 25. கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிரா ஆட்டம். கடைசி கால்பகுதியில டுவா எறிஞ்ச மூணு பந்து எதிரணி கைக்குப் போச்சு. தோத்தோம். நான் அவரை என்னென்னவோ திட்டினேன். "கண்ணு தெரியலையா இவனுக்கு?"ன்னு குரூப்புல எழுதினது நான்தான்.

மறுநாள் செய்தி வந்துச்சு. அந்த ஆட்டத்துலயே அவருக்குத் தலையில அடிபட்டிருக்கு. தலையில அடிபட்ட மனுஷன்தான் கடைசி வரைக்கும் ஆடியிருக்கார். யாரும் கவனிக்கல, அவரும் சொல்லல. அந்த சீசன்ல அதுக்கப்புறம் அவர் ஆடவே இல்ல.

நான் டாக்டர். தினமும் தலைக்காயம் பார்க்கறவன். அந்த மூணு தப்பான எறியைப் பார்த்து எனக்கு "இவருக்கு ஏதோ சரியில்லையே"ன்னு தோணல. "நம்ம டீமைக் கவுத்துட்டானே"ன்னுதான் தோணுச்சு. ரசிகன்ங்கிற வியாதி அப்படித்தான் வேலை செய்யும். படிச்ச படிப்பையும் மறக்கடிச்சிடும்.

இப்போ எல்லாரும் சொல்ற ஒரு வாதம்: "அவர் பெரிய ஆளு, அவர் உடம்பு, ஆடறதும் ஆடாததும் அவர் முடிவு. கோடி கோடியா வாங்கறார்ல?"

உண்மைதான். 2024லதான் 4 வருஷத்துக்கு 21 கோடி டாலருக்கு மேல ஒப்பந்தம் போட்டார். ஆனா ஒண்ணு யோசிங்க. கால் உடைஞ்சவன் "நான் ஆடறேன்"னு சொன்னா அந்த முடிவை எடுக்கறது அவன் மூளை, அதுக்கு அடிபடல. தலையில அடிபட்டவன் "நான் நல்லா இருக்கேன்"னு சொன்னா? அடிபட்ட உறுப்புதான் தீர்ப்பும் எழுதுது. அந்தத் தீர்ப்பு செல்லாது. அதனாலதான் முடிவு டாக்டர்கிட்ட இருக்கணும். வீரர், கோச், முதலாளி, ரசிகன் யார்கிட்டயும் இருக்கக் கூடாது.

முதல் அடி ஆறாத மூளைமேல ரெண்டாவது அடி விழுந்தா விளைவு பல மடங்கு மோசமா இருக்கலாம், சில நேரம் உயிரே போகலாம். திரும்பத் திரும்ப அடிபட்ட மூளை, வருஷங்கள் கழிச்சு நினைவையும் குணத்தையும் இழக்கற சி.டி.இ.ங்கிற நோய் இருக்கு. உயிரோட இருக்கும்போது அதை உறுதியா கண்டுபிடிக்க இன்னும் வழி இல்ல. இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இப்போ அந்த சின்சினாட்டி மைதானத்துக்கே திரும்பப் போவோம். டுவா விழுந்து மூணே மாசம். 2023 ஜனவரி 2. நம்ம ஊர்ல 3ஆம் தேதி காலை ஏழரை மணி இருக்கும்.

பஃபலோ அணியின் டமார் ஹாம்லின். வயசு 24. மோதினார், எழுந்து நின்னார், அப்படியே மல்லாக்க சரிஞ்சார். இதயம் நின்னுபோச்சு. நெஞ்சில விழுந்த அடி, இதயத்துடிப்போட மின்சுழற்சியில ஒரு நொடியில ஐம்பதுல ஒரு பங்கு நேரத்துல சரியா போய் விழுந்தா, துடிப்பு சிதறிடும். கமோஷியோ கார்டிஸ்னு பேரு. இணையத்துல அன்னிக்கே "தடுப்பூசிதான் காரணம்"னு கிளப்பிவிட்டாங்க. கொரோனாவுக்குப் பல பத்து வருஷம் முன்னாடியே பேஸ்பால் நெஞ்சில பட்டு பிள்ளைங்க இப்படி செத்திருக்காங்க. பாடப்புத்தகத்துல இருக்கற விஷயம்.

ஹாம்லின் பிழைச்சார். "அதிசயம்"னு எல்லாரும் எழுதினாங்க. நான் அந்த வார்த்தையை ஒத்துக்க மாட்டேன்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு அணி மருத்துவக் குழுவும் கூடிப் பேசறாங்க. யாராவது விழுந்தா யார் ஓடணும், யார் கருவி எடுக்கணும், எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி. அன்னிக்கு பஃபலோ அணியின் உதவிப் பயிற்சி மருத்துவப் பணியாளர் டென்னி கெல்லிங்டன் உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சார். டிஃபிப்ரிலேட்டர் மைதானத்துலயே இருந்துச்சு. இதயம் இப்படி நின்னா, ஷாக் கொடுக்க ஒவ்வொரு நிமிஷம் தாமதமாகும்போதும் பிழைக்கிற வாய்ப்பு சுமார் 7லிருந்து 10 சதவீதம் குறையும். அவங்க நிமிஷங்களை வீணாக்கல. இதுக்குப் பேரு அதிசயம் இல்ல. தயாரிப்பு.

இன்னொண்ணும் நடந்துச்சு. ஆட்டம் நின்னுச்சு. 7-3ன்னு சின்சினாட்டி முன்னணியில இருந்த நேரம். ரெண்டு கோச்சும் பேசி, வீரர்களை உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. அந்த ஆட்டம் கடைசி வரைக்கும் திரும்ப நடக்கவே இல்ல.

ஆஸ்பத்திரியில கண் திறந்த ஹாம்லின் எழுதிக் கேட்ட முதல் கேள்வி, யார் ஜெயிச்சாங்கன்னுதான். செத்துப் பிழைச்சவனுக்கும் அதுதான் முதல் கேள்வின்னா, நாம எல்லாரும் சேர்ந்து அவங்களை எப்படி வளர்த்து வெச்சிருக்கோம்னு பாருங்க.

ஆட்டம் நின்னது பெரிய விஷயமான்னு கேட்டா, ஆமா, பெரிய விஷயம்தான்.

1971 அக்டோபர் 24. டெட்ராய்ட் லயன்ஸ் வீரர் சக் ஹியூஸ், வயசு 28, மாரடைப்பு வந்து மைதானத்துலயே சரிஞ்சார். மிச்சமிருந்த ஒரு நிமிஷத்தையும் ஆடி முடிச்சாங்க. சிகாகோ 28-23ன்னு ஜெயிச்சதா கணக்கு எழுதினாங்க. அவர் பிழைக்கல.

காலேஜ் பாஸ்கெட்பாலுக்கு வாங்க. 2020 டிசம்பர் 12. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தோட சிறந்த வீரர் கியாண்டே ஜான்சன் ஆட்டத்துக்கு நடுவுல சுருண்டு விழுந்தார். கூட ஆடற பசங்க தேம்பித் தேம்பி அழுதாங்க. அவரை ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போனாங்க. அப்புறம்? ஆட்டத்தைத் தொடர்ந்தாங்க! 83-71ன்னு முடிச்சாங்க. காலேஜ் படிக்கிற பசங்க. நண்பன் உயிரோட இருக்கானா இல்லையான்னு தெரியாம பந்தைத் தட்டிட்டு ஓடினாங்க.

இதுக்கும் முன்னாடி, ஹேங்க் கேதர்ஸ். லயோலா மேரிமவுன்ட் காலேஜ் வீரர். ஒரே சீசன்ல அமெரிக்கா முழுக்க புள்ளியிலயும் ரீபவுண்டிலயும் முதலிடம் பிடிச்ச பையன். 1989 டிசம்பர்ல ஆட்டத்துக்கு நடுவுல மயங்கி விழுந்தார். இதயத்துடிப்புக் கோளாறுன்னு தெரிஞ்சு மாத்திரை கொடுத்தாங்க. மாத்திரை சோர்வா இருக்கு, ஆட்டம் குறையுதுன்னு சொன்னார். அளவைக் குறைச்சாங்க. 1990 மார்ச் 4, ஒரு அருமையான டங்க் அடிச்சார், கொஞ்ச நேரத்துல சரிஞ்சார். போயிட்டார். வயசு 23.

நோய் தெரியும், மருந்தும் இருந்துச்சு. ஆனா மருந்தோட அளவை ஆட்டம் தீர்மானிச்சது. ஒரு டாக்டரா இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

"அப்போ விழுந்தவன் எல்லாம் ஆட்டத்தையே விட்டுடணுமா?" இல்லவே இல்ல. கியாண்டே ஜான்சனுக்கு ஃப்ளோரிடா டாக்டர்கள் அனுமதி தரல. ரெண்டு வருஷம் காத்திருந்து, பரிசோதனை எல்லாம் முடிச்சு, கான்சாஸ் ஸ்டேட்டுக்குப் போனார். 2023 மார்ச்ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல, மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிரா கூடுதல் நேரத்துல, மார்க்விஸ் நோவெல் எங்கேயோ பார்த்துக்கிட்டே தூக்கிப் போட்ட பந்தை அந்தரத்துல பிடிச்சு கூடைக்குள்ள அடிச்சார் பாருங்க! 98-93. அன்னிக்கு நானும் கத்தினேன். அந்தக் கைதட்டலுக்கு அவர் தகுதியானவர், ஏன்னா அது டாக்டர்கள் சரின்னு சொன்ன பிறகு வந்த கைதட்டல்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். டுவா தலையால மோதின எதிரணி வீரர் யார் தெரியுமா?

டமார் ஹாம்லின்.

ஒரே மைதானத்துல மூணு மாச இடைவெளியில விழுந்த ரெண்டு பேர், ஒருத்தர் மேல ஒருத்தர் மோதினாங்க. ஹாம்லின் மேல யாருக்கும் கோபமில்ல, தப்பும் இல்ல. ஆட்டம் அப்படி. ஆனா இந்த முறை டுவாவைத் திரும்ப இறக்கல. பேர் கன்கஷன்னு அப்பவே சொன்னாங்க, முதுகு வலின்னு சொல்லல. அதுக்கப்புறம் குறைஞ்சது நாலு ஆட்டத்துக்கு அவர் கிடையாதுன்னு ஆச்சு. 31-10ன்னு தோத்தோம். பரவாயில்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கத்துக்கிட்ட பாடம் ஒருத்தருக்காவது உதவுச்சு.

அவர் திரும்ப ஆடணுமா, ஓய்வு பெறணுமா? எனக்கு ஒரு கருத்து இருக்கு. ஆனா அவரைப் பரிசோதிக்காத நான் அதைச் சொல்லக்கூடாது. டீக்கடையில உட்கார்ந்து நான் சொல்ற "ஓய்வு பெறு"வும் என் குரூப் சொல்ற "திரும்ப வா"வும் ஒரே தப்புதான்.

இதையெல்லாம் தமிழ்ல உங்ககிட்ட ஏன் சொல்றேன்? நம்ம ஊர் கபடி, வாலிபால் டோர்னமென்டுலயும் பசங்க விழறாங்க. எங்க எமர்ஜென்சிக்குக் கொண்டு வரும்போது சட்டை நனைஞ்சிருக்கும், சோடா தெளிச்சிருப்பாங்க. கையில சாவி திணிச்சிருப்பாங்க. நெஞ்சை மட்டும் யாரும் அழுத்தியிருக்க மாட்டாங்க. கோப்பைக்கு நன்கொடை வசூல் பண்ற கமிட்டி, யாராவது விழுந்தா என்ன பண்றதுன்னு பத்து நிமிஷம் பேசறதில்ல.

அதனால மூணே மூணு விஷயம்:

ஒருத்தர் மோதாமலே சரிஞ்சாலோ, விழுந்து மூச்சுப் பேச்சு இல்லாம கிடந்தாலோ, 108க்கு ஒருத்தர் போன் போடுங்க. இன்னொருத்தர் உடனே நெஞ்சு நடுவுல அழுத்த ஆரம்பிங்க, நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீங்க.

தலையில அடிபட்டு தள்ளாடினா, வாந்தி எடுத்தா, ஸ்கோர் என்னன்னு குழம்பினா, அன்னிக்கு அவனுக்கு ஆட்டம் முடிஞ்சது. அவன் கெஞ்சினாலும் சரி, ஃபைனலா இருந்தாலும் சரி. உட்கார வெச்சா மட்டும் போதாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.

மூணாவது ரசிகர்களுக்கு. விழுந்தவன் எழுந்ததும் "விடாதே, ஆடு!"ன்னு கத்தாதீங்க. அந்தச் சத்தம்தான் அவனைத் திரும்ப உள்ளே தள்ளுது. அவன் வெளியே நடந்து போகும்போது கைதட்டுங்க.

குரூப்புல நானும் ஒரு மெசேஜ் போட்டுட்டேன். "2022 கிறிஸ்துமஸ் அன்னிக்கு நான் எழுதினதுக்கு வெட்கப்படறேன்"னு. ஒருத்தரும் பதில் சொல்லல. பரவாயில்ல. படிச்சிருப்பாங்க.


ஒரு அரசு மருத்துவர்