முன்னால் நிற்பவரின் நட்டத்தை யார் ஈடுகட்டுவது?

வைகாசி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் காற்று, ஆவணி முடியும்வரை கீரனூர்ச் சமவெளியை விடுவதில்லை. தாராபுரம், உடுமலைப் பக்கம் நிற்கும் காற்றாடிகளுக்கு இதுதான் அறுவடைக் காலம். 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கிய தமிழகக் காற்றாலைகளின் நிறுவுதிறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்தக் காற்றை அவை ஒன்றிடமிருந்து ஒன்று பறித்துக்கொள்கின்றன.

முதல் காற்றாடியைக் கடந்த காற்று, வேகம் இழந்து, சுழன்று கலங்கித்தான் அடுத்ததைச் சேர்கிறது. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஆற்றலில் கால் பங்குக்கு மேல் போய்விடும்.

இதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாய்ம இயக்கவியல் ஆராய்ந்த பேராசிரியர்கள் ஜான் டபிரி, சஞ்சீவ லேலே, அவர்களுடைய மாணவர் மைக்கேல் ஹவுலண்ட் ஆகியோர் ஒரு வழி கண்டார்கள். முன்னால் நிற்பதன் முகத்தைக் காற்றுக்கு நேராக வைக்காமல் சற்றுத் திருப்பினால், கலங்கிய காற்று பின்னால் உள்ளதை விட்டு விலகிப் போகிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஆறு காற்றாடிகளில் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான வேகத்தில் மொத்த மின்சாரம் 7 முதல் 13 விழுக்காடு கூடியது. வரிசைக்கு நேராகக் காற்று வீசும் நேரத்துக்கே இந்தக் கணக்கு பொருந்தும், உண்மைதான். ஆனால் நம் கணவாய்க் காற்று பருவம் முழுக்க ஏறத்தாழ மேற்கிலிருந்தே வருகிறது. இந்த ஆய்வுக்கு இதைவிடத் தோதான மண் எது?

தடை இருப்பது உடைமையில். இங்கே ஒரு காற்றாடி நூற்பாலைக்குச் சொந்தம், அடுத்தது பின்னலாடை நிறுவனத்துக்கு. முகத்தைத் திருப்புகிறவருக்கு மின்சாரம் குறையும்; ஆதாயம் பின்னால் இருப்பவருக்கு. அடுத்தவருக்காக நட்டப்பட எந்த முதலாளியும் முன்வரமாட்டார், அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அந்த நட்டத்தை ஈடுகட்டும் ஏற்பாட்டை அரசுதான் செய்ய வேண்டும்.

பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை 2024-இல் தமிழக அரசு வெளியிட்டது. சிறிய இயந்திரங்களைக் கழற்றிப் பெரியவற்றை நிறுத்தும் இந்த வேளையை விட்டால், இன்னும் இருபது ஆண்டுக்கு அதே தவறான வரிசையில்தான் அவை நிற்கும். எனவே காற்றாடிக்கு ஓர் அனுமதி என்றில்லாமல், கணவாய் முழுவதற்கும் ஒரே காற்றோட்ட வரைபடம் தயாராக வேண்டும். பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனமும் நம் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்களும் சேர்ந்து அதைத் தயாரித்துப் பொதுவில் வைக்கட்டும். கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்திலிருந்து முன்வரிசைக்காரருக்கு ஈடு தர மின்வாரியம் விதி வகுக்கட்டும். அடுத்த வைகாசிக்குள் ஒரு வரிசையிலாவது சோதனை தொடங்கியாக வேண்டும்.