பிரபஞ்சத்தையே எழுதி வாங்கும் ஒப்பந்தம்

‘ஃப்ரீலான்ஸ்’ என்பது மூலதனம் சூட்டிய கவர்ச்சியான பெயர். தாராவியின் தையற்கூடங்களில் உழைப்போருக்கு இதன் பழைய பெயர் தெரியும்: பீஸ் ரேட். இன்று அவர்களுடைய பிள்ளைகள் விளம்பர நிறுவனங்களுக்குக் காணொளி தொகுக்கிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் இளைஞர்கள் வசனம் எழுதுகிறார்கள், நிழற்படம் எடுக்கிறார்கள். கணினி அவர்களுடையது, மின்கட்டணம் அவர்களுடையது, நோயுற்ற நாளின் இழப்பும் அவர்களுடையதே. உருப்படிக் கூலி நிலவுமிடத்தில் மேற்பார்வையாளரின் வேலையைக் கூலிமுறையே செய்துவிடும் என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் விளக்கியது இதைத்தான்.

இவர்களிடம் நீட்டப்படும் ஒப்பந்தங்களில் ஒரு வாசகம் வழக்கமாகிவிட்டது: எல்லா உரிமைகளும் பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும் நிறுவனத்துக்கே. இது வெற்று ஆடம்பரம் அன்று. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இந்தப் பாதுகாப்பைத் தகர்க்கவே அந்த வாசகம். நிழற்படக் கலைஞரின் நிலை இன்னும் மோசம்: வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. ஒப்பந்தத்தின் மௌனமே இங்கு பறிமுதல்.

ஆகவே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை தெளிவானவை: வேலையின் அளவு, எத்தனை திருத்தங்கள், அதற்கு மேல் என்ன கூலி, முன்பணம், பாதியில் நிறுத்தினால் இழப்பீடு, உரிமையின் காலமும் எல்லையும், படைப்பாளியின் பெயர், முழுத்தொகை கைக்கு வரும்வரை உரிமை மாறாது என்னும் விதி, அனுமதியின்றிச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்தத் தடை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறுந்தொழிலாகப் பதிவு செய்தவருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி. இதையும் எழுதிச் சேர்க்க வேண்டும்.

ஆனால் ‘நல்ல ஒப்பந்தம் எழுதினால் பிழைத்துக்கொள்வாய்’ என்று உபதேசிப்போர் ஒன்றை மறைக்கிறார்கள். மறுப்பவரின் இடத்தில் கையெழுத்திடப் பத்துப் பேர் வெளியே நிற்க வைக்கப்பட்டிருக்கிறார்கள். தனிமனிதப் பேரம் சமமானவர்களுக்கு இடையிலான பேரம் அன்று.

மும்பைத் திரையுலகின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. 1977இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளைத் தயாரிப்பாளர் பக்கம் சாய்த்தது. 2008 அக்டோபரில் மேற்கிந்தியத் திரைப்பட ஊழியர் சம்மேளனத்தின் வேலைநிறுத்தம் படப்பிடிப்புகளை முடக்கியது. எழுத்தாளர்களும் இசைக் கலைஞர்களும் விடாது வலியுறுத்த, மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் வாதாட, 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்குக்கு வெளியிலான பயன்பாட்டில் அவர்களுடைய ராயல்டி பங்கை இனி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பசியால் இட்ட கையெழுத்தைச் செல்லாததாக்குவதே உண்மையான பாதுகாப்பு.

அந்தப் பாதுகாப்பு தொகுப்பாளருக்கும் ஓவியருக்கும் நிழற்படக் கலைஞருக்கும் இல்லை. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்போ, கிக் தொழிலாளியை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர் என்றே வரையறுக்கிறது. சுரண்டல் உண்டு, முதலாளி மட்டும் இல்லை!

விட்டுக்கொடுக்க முடியாத உரிமைகள், குறைந்தபட்சக் கட்டணம், சங்கம் வகுத்த பொது ஒப்பந்தம் ஆகியவை நம் கோரிக்கைகளாக வேண்டும். மும்பைத் தமிழ்த் தோழர்கள் தையற்கூட வாசலுக்குச் செல்வது போலவே, கணினித் திரைக்குப் பின்னால் தனித்திருக்கும் இந்த உழைப்பாளிகளிடமும் செல்ல வேண்டும். தனியே இடும் கையெழுத்து அடிமைச்சாசனம். சங்கமாய் வகுக்கும் ஒப்பந்தமே உரிமைச்சாசனம்.