கறந்து பார்க்காத மாடு

மூணாறுக்குப் பக்கத்து மாட்டுப்பட்டியின் பெயரிலேயே மாடு இருக்கிறது. 1963இல் இந்தோ-சுவிஸ் கால்நடைத் திட்டம் வந்தபோது அந்தப் பெயர் இன்னும் பொருத்தமாகிப்போனது. இந்த மலையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், இரண்டு வேளை கறந்து பார்த்த பிறகுதான் மீதிப் பணத்தை எண்ணி வைப்பார். அதே மனிதர் லட்சக்கணக்கில் கடன் வாங்கி வண்டி எடுக்கப் போனால், எக்ஸ்டெண்டட் வாரண்டி என்ற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். அவரை ஏமாளி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. படிக்க முடியாத நேரம் பார்த்துத்தான் அந்தத் தாள் நீட்டப்படுகிறது.

டெலிவரி நாளை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை. விடியுமுன்னே மலையிறங்கி, அடிமாலி வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ ஷோரூமுக்குக் குடும்பமே போய்ச் சேர்ந்திருக்கிறது. வண்டிக்கு மாலை போட்டாயிற்று. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பிள்ளைகள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பத்தரைக்கு ராகு காலம். மணி பத்தேகால் ஆகும்போது ஏழெட்டுத் தாள்கள் மேசைக்கு வருகின்றன. "அண்ணா, இவிடே ஒப்பிட்டா மதி" என்கிறார் இடுக்கிப் பக்கத்து விற்பனைப் பையன். தேனிப் பக்கம் என்றால், "நல்ல நேரம் போயிரும்ணே, சட்டுனு போடுங்க."

யாராவது துணிந்து "இது எதுக்குத் தம்பி?" என்று கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. எல்லாருக்கும் இது கம்பல்சரி. இதையும் சேர்த்துத்தான் லோன் சாங்ஷன் ஆகியிருக்கிறது. இன்று விட்டால் பிறகு கிடைக்காது.

முதலாவது பொய். மூன்றாம் நபர் காப்பீடு, பதிவு, வரி போன்றவைதான் சட்டப்படி கட்டாயம். கூடுதல் வாரண்டியை வாங்கியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மூன்றாவதும் பெரும்பாலும் பொய்தான். நிறுவனம் இலவசமாகத் தரும் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் கூடுதல் வாரண்டியை வாங்கிக்கொள்ள அநேக நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. தள்ளிப்போட்டால் விலை கொஞ்சம் ஏறலாம், அவ்வளவுதான். இரண்டாவது பதில்தான் பையைக் கடிப்பது. 15,000 ரூபாய் வாரண்டியை 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனோடு சேர்த்துவிட்டால், கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 19,100 ரூபாய் ஆகியிருக்கும். மாதத் தவணையில் முந்நூற்றுச் சொச்சம் கூடுகிறது. அது யார் கண்ணிலும் படுவதில்லை.

வாரண்டி என்பதே மோசடி என்று நாம் சொல்லவில்லை. இன்றைய வண்டிகளில் இன்ஜெக்டரோ, கணினிப் பெட்டியோ, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோ போனால் செலவு தாங்காது. அதற்கு முன்கூட்டியே ஒரு தொகை கட்டி வைப்பது சிலருக்குப் புத்திசாலித்தனமாகவே இருக்கும். ஆனால் மலையில் ஓடும் வண்டியின் கதை வேறு. சீசன் நாளில் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், குண்டளை தாண்டி டாப் ஸ்டேஷன் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். முதல் கியர், பாதி க்ளட்ச், நின்று நின்று ஏற்றம். திரும்பும்போது வழி நெடுகிலும் பிரேக். இங்கே முதலில் தேய்வது க்ளட்ச் பிளேட்டும் பிரேக் பேடும் டயரும் புஷ்ஷும். "தேய்மானப் பொருள்கள் நீங்கலாக" என்று தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒதுக்கப்படுவதும் ஏறத்தாழ இதே பட்டியல்தான். டிரைவர் எதற்காகப் பயந்து பணம் கட்டினாரோ அது உடன்பாட்டிலேயே இல்லை.

இன்னும் இருக்கிறது. வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் சில திட்டங்கள் செல்லவே செல்லாது. சர்வீஸ் தவணை தப்பினாலும் செல்லாது. மூணாறு கேப் ரோட்டில் மண் சரிந்து பாதை அடைபட்ட வாரத்தில்தான் சர்வீஸ் தேதி வந்தது என்றால் அந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? வெளியே மெக்கானிக்கிடம் காட்டினால் வாரண்டி ரத்து என்ற மிரட்டலும் உண்டு. இதைப் பற்றி இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்றே பேசியிருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதுபார்ப்பையும் தங்கள் பிடிக்குள் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த அந்த உத்தரவு, தனிப் பட்டறைக்குப் போனாலே வாரண்டியைப் பறிக்கும் நிபந்தனையையும் குறை கண்டது. பத்தாண்டு கடந்த பிறகும் அந்த மிரட்டல் மேசைகளில் ஓய்ந்தபாடில்லை.

ஷோரூமை விட்டு வந்த பிறகு தொலைபேசித் தொல்லை. வண்டி எண், மாடல், வாங்கிய மாதம் எல்லாம் சொல்லி, "உங்கள் வாரண்டி முடியப்போகிறது" என்கிறது ஒரு குரல். நம் விவரம் அங்கே எப்படிப் போனது என்று வியக்க வேண்டியதில்லை. வாகனப் பதிவு விவரங்களை மொத்தமாக விற்கும் கொள்கையை மத்திய அரசே 2019இல் கொண்டுவந்தது. 65 கோடி ரூபாய் வருமானம் என்று நாடாளுமன்றத்திலும் சொன்னது. எதிர்ப்பு வந்து 2020இல்தான் அதைக் கைவிட்டது. சிந்திய பாலை இனி அள்ள முடியாது.

அமெரிக்காவில் இந்தக் குரல் நாட்டையே ஆட்டிப்படைத்தது. 2021இல் மூன்றே மாதத்தில் 50 கோடிக்கு மேற்பட்ட எண்களுக்கு 500 கோடிக்கும் அதிகமான கார் வாரண்டி அழைப்புகளை ஒரே கும்பல் அனுப்பியது. அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம் 2023 ஆகஸ்டில் ஏறக்குறைய 30 கோடி டாலர் அபராதம் விதித்தது. அபராதத்தைக் காட்டிலும், அந்த அழைப்புகளைச் சுமந்து செல்லக் கூடாது என்று தொலைபேசி நிறுவனங்களுக்கு 2022இல் போட்ட உத்தரவே வேலை செய்தது. நம் நாட்டில் வேண்டாத அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்துவிட்டு ஒவ்வொருவரும் தனித்தனியே போராட வேண்டியிருக்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத உரிமை தந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, எஸ்டேட் பள்ளியில் தமிழ் படித்து, டூரிஸ்ட் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர் தலைமைச் செயலகத்துக்குத் தன் மொழியில் மனுப் போடலாம். தன் பணம் எதற்குப் போகிறது என்பதை மட்டும் ஆங்கிலப் பொடி எழுத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சு மலையாளத்தில், தாள் ஆங்கிலத்தில், தவணை மட்டும் அவர் தலையில்.

டீலர்கள் தரப்பு நமக்குத் தெரியாததல்ல. வண்டியில் கிடைக்கும் லாபம் குறைவு, காப்பீடு, வாரண்டி, சீட் கவர் என்று பக்கத்து வரவில்தான் கடை ஓடுகிறது என்கிறார்கள். தாளை நீட்டும் பையனுக்கும் மாத டார்கெட் இருக்கிறது. அவன்மேல் நமக்குக் கோபமில்லை. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார். ஊருக்குத் தெரியாவிட்டாலும் வாங்குகிறவன் விரலுக்கு விலை தெரியும். ஷோரூம் துண்டுக்குள் வாங்குகிறவனின் கையே இல்லை.

கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதையும் பொய் அவசரம் காட்டுவதையும் 2023 நவம்பரில் வெளிவந்த மத்திய வழிகாட்டுதல்கள் தவறான வணிக முறைகள் என்று பெயரிட்டுத் தடுத்தன. அவை இணைய விற்பனையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. திரையில் செய்தால் குற்றம், மேசையில் செய்தால் திறமையா?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்த பின் 30 நாள் வைத்துப் படித்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம். பிரிட்டனில் வீட்டு மின்சாதனங்களுக்கு விற்கப்படும் கூடுதல் வாரண்டியை 45 நாளுக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் பெறலாம் என்று 2005லேயே உத்தரவு வந்துவிட்டது. இரண்டு வேளை கறந்து பார்க்கும் அதே உரிமைதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதை வண்டி வாரண்டிக்கும் கொண்டுவர வேண்டும். வாரண்டித் தொகையை வண்டிக் கடனோடு சேர்ப்பதை, தனிக் கையெழுத்து இல்லாமல் அனுமதிக்கக் கூடாது. அதுவரை, ஏமாற்றப்பட்டவர்கள் 1915 எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

கேரள அரசுக்கு மத்திய உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை உண்டு. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் ஷோரூம்களில் வாரண்டித் தாளின் தலைப்பிலேயே, மலையாளத்தோடு தமிழிலும், வண்டி விலை அச்சாகும் அதே பெரிய எழுத்தில் இரண்டு வரி இருக்கட்டும்: இது கட்டாயமல்ல. க்ளட்ச், பிரேக், டயர் இதில் அடங்காது.