குழந்தையின் உயிர் கூடுதல் வசதி அல்ல

2024 செப்டம்பர் இறுதியில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு குடும்பம் பயணம் செய்த கார், டேங்கர் லாரியுடன் மோதியது. காரிலிருந்த பெரியவர்கள் உயிர் தப்பினர். முன் இருக்கையில் தாயின் மடியில் அமர்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனது. மோதலின்போது விரிந்த ஏர்பேக் குழந்தையின் முகத்தில் அழுந்தியதே மரணத்திற்குக் காரணம் என்று செய்திகள் தெரிவித்தன. அதே ஆண்டு டிசம்பரில் நவி மும்பையில் முன் இருக்கையிலிருந்த ஆறு வயதுச் சிறுவனும் ஏர்பேக் விரிந்ததால் உயிரிழந்தான்.

உயிர் காக்க வைத்த கருவியே உயிர் பறித்தது என்று ஊடகங்கள் வியந்தன. வியப்பதற்கு எதுவுமில்லை. ஏர்பேக் வளர்ந்தவர்களின் உடலை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. சீட் பெல்ட் அணிந்து, இருக்கையில் முதுகு சாய்த்து அமர்ந்திருக்கும் ஒருவரின் மார்பையும் தலையையும் தாங்குவதற்காக, கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரிகிறது. அந்த வேகத்திற்கு எதிரே குழந்தையின் முகம் இருக்குமானால் என்ன நிகழும் என்பது பொறியாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். கார் வாங்கிய குடும்பத்திற்கு அதை எடுத்துச் சொன்னவர் யார் என்பதே கேள்வி. காரின் வண்ணத்தையும் பாட்டுப்பெட்டியையும் மணிக்கணக்கில் விளக்கும் விற்பனைக்கூடத்தில், குழந்தையை எங்கே, எப்படி அமர்த்த வேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லப்படுவதில்லை.

மடியின் மீதான நம்பிக்கை

இந்தியக் குடும்பங்களில் குழந்தைக்கு மடியைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்பது ஆழ வேரூன்றிய நம்பிக்கை. வீட்டுத் திண்ணையில் அது உண்மை. ஓடும் காரில் அது உண்மையல்ல. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி நிற்கும்போது, உள்ளே கட்டப்படாமல் இருக்கும் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. அந்த வேகம், ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழும் உடல் அடையும் வேகத்திற்குச் சமம். அந்தக் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்துவதற்கு, அதன் எடையைப் போல் முப்பது மடங்கு விசை தேவைப்படலாம். 300 கிலோவைக் கையால் தாங்கும் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அன்பின் வலிமை இயற்பியல் விதிகளை மாற்றிவிடாது.

இதற்கான தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. கைக்குழந்தைகளுக்குப் பின்னோக்கிய குழந்தை இருக்கை, சற்று வளர்ந்தவர்களுக்கு முன்னோக்கிய இருக்கை, அதற்கும் மேலானவர்களுக்கு உடலை உயர்த்தி சீட் பெல்ட்டை மார்பின் மீதும் இடுப்பெலும்பின் மீதும் சரியாகப் பொருந்தச் செய்யும் பூஸ்டர் இருக்கை: இவை உலகின் பல நாடுகளில் அன்றாடப் பொருள்கள். பெரியவர்களின் சீட் பெல்ட் சிறு குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும் விழும் என்பதனாலேயே இந்த ஏற்பாடு. குழந்தை இருக்கைகளைப் பயன்படுத்துவதால் கைக்குழந்தைகளின் மரணம் 71 விழுக்காடு வரை குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்தியாவின் நிலை என்ன? ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 9,528 பேர் 18 வயது நிரம்பாதவர்கள். அதாவது நாளொன்றுக்கு 26 பேர். சீட் பெல்ட் அணியாததால் இறந்தோர் 16,715 பேர். இவர்களில் ஓட்டுநர்கள் 8,384 பேர். பயணிகள் 8,331 பேர். ஓட்டுநருக்கு நிகரான எண்ணிக்கையில் உடன் சென்றவர்களும் மடிகிறார்கள். ஆனால் சீட் பெல்ட் என்பது போலீஸ்காரர் கண்ணில் படும் முன் இருக்கைக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை.

இலாபக் கணக்கில் உயிரின் விலை

இதை வெறும் மக்களின் அலட்சியமாகச் சித்தரிப்பது ஆளும் வர்க்கத்திற்கு வசதியானது. அலட்சியம் உண்டு, ஆனால் அதற்கு முன்பே வேறொரு கணக்கு தீட்டப்பட்டுவிடுகிறது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கப்படும் ஐந்து கார்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. மாருதி சுசூகி ஆல்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்தும், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. இவற்றில் போலோவின் கதை தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஏர்பேக் இல்லாத போலோவுக்குக் கிடைத்தது பூஜ்யம். இரண்டு ஏர்பேக்குகள் பொருத்தப்பட்ட அதே போலோவுக்குக் கிடைத்தவை நான்கு நட்சத்திரங்கள். ஒரே கார், ஒரே உடற்கூடு. வாங்குபவரின் பணப்பைக்கு ஏற்ப வாழ்வும் சாவும் பிரித்து விற்கப்பட்டன. விலை குறைந்த வகையில் உயிர்காப்பு நீக்கப்பட்டிருந்தது. விலை உயர்ந்த வகையில் அது 'கூடுதல் வசதி'யாக இருந்தது. இந்த உண்மை வெளிப்பட்ட பிறகே, ஏர்பேக் இல்லாத வகையை அந்நிறுவனம் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது.

முன்பக்க மோதல் சோதனை அனைத்துக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 அக்டோபரில்தான். ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமானது அதே ஆண்டு ஜூலையில். அருகில் அமர்பவருக்கான ஏர்பேக், புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரலில் கட்டாயமாக்கப்பட்டது. ஏற்கெனவே சந்தையிலிருந்த மாடல்களுக்கு ஆண்டு இறுதிவரை காலம் நீட்டிக்கப்பட்டது. ஆறு ஏர்பேக்குகளைக் கட்டாயமாக்கும் வரைவு 2022 ஜனவரியில் வெளியிடப்பட்டது. ஓர் ஏர்பேக்கின் விலை 800 ரூபாய்தான் என்று துறை அமைச்சர் நிதின் கட்கரியே நாடாளுமன்றத்தில் கூறினார். சிறிய கார்களின் விலை உயர்ந்துவிடும் என்று உற்பத்தியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வரவேண்டிய விதி ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஓராண்டு முடியும் தறுவாயில், ஆறு ஏர்பேக்குகள் கட்டாயமாக்கப்படாது என்று அதே அமைச்சர் அறிவித்தார். சந்தைப் போட்டியே அவற்றைக் கொண்டுவந்துவிடும் என்பது அரசின் வாதமாக இருந்தது.

விலை தாங்காது என்று சொல்லப்பட்ட நுழைவுநிலை கார்களிலேயே, 2025இல் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக்குகள் பொருத்தப்படத் தொடங்கின. முடியாது என்பது பொய் என இதனால் நிறுவப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் விற்கப்பட்ட கார்கள் இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள் சாலைகளில் ஓடும். இரண்டாம் கை, மூன்றாம் கை என விலை குறைந்து குறைந்து, இறுதியில் எளிய குடும்பங்களின் வாசலில்தான் அவை நிற்கும். சந்தை தாமதித்த ஒவ்வோர் ஆண்டின் சுமையும் கீழ்நோக்கியே இறங்குகிறது.

2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் தர மதிப்பீடு வரவேற்கத்தக்கதே. குழந்தைகளின் பாதுகாப்புக்கும் அதில் தனி நட்சத்திரங்கள் உண்டு. ஆனால் அது கட்டாயமானதன்று. தேர்ச்சி பெறும் என்று நம்பும் மாடலை நிறுவனமே முன்வந்து சோதனைக்கு அளிக்கலாம். மற்றதை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். தேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதை மாணவரே முடிவு செய்யும் பள்ளி இது.

இதற்கு நேரெதிரான முன்னுதாரணமும் உண்டு. இன்று எல்லாக் கார்களிலும் உள்ள மூன்று முனை சீட் பெல்ட்டை 1959இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். அதற்கான காப்புரிமை மற்ற உற்பத்தியாளர்களின் பயன்பாட்டுக்கும் திறந்துவிடப்பட்டது. உயிர்காக்கும் அறிவு பொதுச்சொத்தாகும்போது எத்தனை உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு அந்தப் பட்டையே சாட்சி.

அபராதம் மட்டுமே கொள்கையா?

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. மாநில உரிமைகளைப் பறிக்கும் கூறுகளுக்காகவும் தனியார்மயத்திற்கு வழிதிறக்கும் கூறுகளுக்காகவும் போக்குவரத்துத் தொழிற்சங்கங்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்தன. அந்த எதிர்ப்பு நியாயமானது. குழந்தைகளைப் பற்றிய இந்தப் பிரிவின் நோக்கத்தில் குறையில்லை. அதன் ஒருதலைப்பட்சத்தில்தான் குறை. பெற்றோருக்குக் கடமை விதிக்கப்பட்டது. குழந்தை இருக்கையைக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்யும் கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை.

இந்த முரண்பாடு கேரளத்தில் வெளிப்படையாக வெடித்தது. மலப்புரம் விபத்திற்குப் பின், 2024 அக்டோபரில், நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்குக் காரில் குழந்தை இருக்கையும், அதற்கு மேல் 14 வயது வரை 135 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்கு பூஸ்டர் இருக்கையும் வேண்டும் என்று மாநிலப் போக்குவரத்து ஆணையர் அறிவித்தார். முதலில் விழிப்புணர்வு, பிறகு எச்சரிக்கை, டிசம்பர் முதல் அபராதம் என்று காலவரிசையும் தரப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களிலேயே, அபராதம் விதிக்கப்படாது, விழிப்புணர்வு மட்டுமே என்று போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார்.

இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் நடந்த இந்த நிகழ்வு கட்சி உறுப்பினர்கள் கூர்ந்து பயில வேண்டிய ஒன்று. கடையில் எளிதாகக் கிடைக்காத, பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பொருளை வாங்காத குடும்பத்திடம் அபராதம் கேட்பது நியாயமற்றது என்று மக்கள் கருதியதில் பொருள் உண்டு. அதே வேளையில், எதிர்ப்பு எழுந்தது என்பதற்காகக் குழந்தைகளின் உயிர் பற்றிய பிரச்சினையைக் கிடப்பில் போடுவதும் தீர்வாகாது. பொருளை முதலில் மக்களின் கைக்கு எட்டச் செய்து, காரணத்தை வீடு வீடாக எடுத்துச் சொல்லி, அதன் பிறகே சட்டத்தின் கடுமையைக் காட்டுவது என்ற வரிசை தலைகீழானதால்தான் ஒரு நல்ல முயற்சி முனை மழுங்கியது.

'இது கார் வைத்திருப்பவர்களின் கவலை'

இயக்கத்திற்குள்ளேயே எழும் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் கார் உள்ள குடும்பங்கள் ஏறத்தாழ 8 விழுக்காடு மட்டுமே. 2022இல் சாலையில் இறந்தோரில் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள் 44.5 விழுக்காடு, பாதசாரிகள் 19.5 விழுக்காடு. அவ்வாறிருக்க, உழைக்கும் மக்களின் கட்சி காரில் செல்வோரைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

கார் உடையவர்கள் மட்டுமே காரில் செல்வதில்லை. பேறுகாலம் முடிந்து வாடகைக் காரில் வீடு திரும்பும் தாயும் பச்சிளம் குழந்தையும், திருமணத்திற்கு ஒரே வண்டியில் நெருக்கி அமர்ந்து செல்லும் பத்துப் பேரும், இருக்கைகளை மாற்றியமைத்துப் புளிமூட்டையாகப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பள்ளி வேனும் இந்தக் கணக்கில் அடங்குவர். வாடகைக் கார்கள் பலவற்றில் பின் இருக்கையின் சீட் பெல்ட் இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. சவாரிக்குச் சவாரி விரையும் ஓட்டுநர், பயணியிடம் அதைத் தோண்டி எடுத்து மாட்டச் சொல்லும் நிலையில் இல்லை; குறைந்த நட்சத்திரம் கொடுத்துவிடுவாரோ என்ற அச்சம் அவருக்கு.

மறுபுறம், செல்வம் மட்டும் எவரையும் காத்துவிடாது என்பதும் கண்கூடு. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் விபத்துக்குள்ளான விலையுயர்ந்த காரில், பின் இருக்கையிலிருந்த டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை கூறியது. அதன் பின்னரும், பின் இருக்கைக்கான எச்சரிக்கை ஒலி புதிய கார்களில் கட்டாயமாவதற்கு 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒலியை ஏமாற்றி அடக்கும் கிளிப்புகளும் சந்தையில் விற்பனைக்கு வந்தன. 2023 மே மாதம் ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவுக்குப் பின் ஐந்து மின்வணிகத் தளங்கள் இத்தகைய 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்கின. உயிர்காப்பைக் கூடுதல் வசதியாக விற்கும் சந்தை, அதை முறியடிக்கும் பொருளையும் விற்கத் தயங்குவதில்லை.

எதைக் கோருவது, எங்கே தொடங்குவது

கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும். பாரத் என்கேப் சோதனை அனைத்துக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அதிலும் விலை குறைந்த வகையே சோதிக்கப்பட வேண்டும். குழந்தை இருக்கைகளுக்கு வரிவிலக்கும் விலைக் கட்டுப்பாடும் வேண்டும். அரசு மகப்பேறு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அவற்றை இரவலாகத் தரும் திட்டம் வேண்டும். வாடகைக் கார்களில் சீட் பெல்ட், குழந்தை இருக்கை ஆகியவற்றுக்கான செலவை ஓட்டுநர் தலையில் கட்டாமல், ஓட்டுநரின் உழைப்பில் கழிவுத்தொகை எடுக்கும் செயலி நிறுவனங்களே ஏற்க வேண்டும். பள்ளி வாகனங்களில் இருக்கைக்கு ஒரு குழந்தை என்ற விதி உறுதியாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். இவை அனைத்திற்கும் அடித்தளமாகப் பொதுப் போக்குவரத்து விரிவாக்கப்பட வேண்டும். அரசுப் பேருந்து ஓடாத வழித்தடத்தில்தான் நெரிசல் வேன் ஓடுகிறது.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாத காரியங்களும் உண்டு. மாநாடுகளுக்கும் பேரணிகளுக்கும் பிரச்சாரப் பயணங்களுக்கும் தோழர்கள் கார்களிலும் வேன்களிலும் செல்கிறார்கள். நள்ளிரவு வரை கூட்டம், விடியலில் அடுத்த ஊர், தூக்கம் கெட்ட ஓட்டுநர், ஐவர் வண்டியில் எண்மர் என்பது பலருக்கும் பழகிய காட்சி. பின் இருக்கையில் அமர்பவரும் பெல்ட் மாட்டிய பிறகே வண்டி புறப்படும் என்ற ஒழுங்கு கட்சியின் வாகனங்களிலிருந்து தொடங்கட்டும். ஓட்டுநர் சங்கங்கள் உறை போட்டு மூடிய பெல்ட்டுகளை வெளியே எடுக்கும் இயக்கத்தை நடத்தலாம். மாதர், வாலிபர் அமைப்புகள் தத்தம் பகுதிகளில் குழந்தை முன் இருக்கையில் கூடாது, மடியில் கூடாது என்ற இரண்டு செய்திகளை மட்டும் வீடுதோறும் கொண்டுசெல்லலாம். வளர்ந்த குழந்தைகளின் இருக்கைகளைப் பிறந்த குழந்தைகளின் வீட்டிற்குக் கைமாற்றிவிடலாம். காலாவதியாகாததும், விபத்தில் சிக்காததும், உடையாததுமான இருக்கையா என்று பார்த்துக் கொடுத்தால் போதும்.

தொழிற்சாலையில் இயந்திரத்திற்குக் காப்புக் கூடு வேண்டும் என்று தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்றது. கவனமாக வேலை செய்திருந்தால் கை போயிருக்காது என்றே முதலாளிகள் அன்று சொன்னார்கள். அதே வாதம் இன்று கவனமாக ஓட்டியிருந்தால் குழந்தை செத்திருக்காது என்ற வடிவில் சாலைக்கு வந்திருக்கிறது. கவனம் வேண்டும், அதைக் கற்பிக்கும் பொறுப்பு இயக்கத்திற்கு உண்டு. தவறு நேர்ந்தாலும் உயிர் போகாதவாறு வாகனம் அமைய வேண்டும். அதைப் போராடிப் பெறும் பொறுப்பும் இயக்கத்திற்கே உண்டு.