கட்டணம் கட்டிச் செய்யும் வேலையா ஆராய்ச்சி?

ஒரே ஆண்டில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும் நான்கு பேரை எடுத்துக்கொள்வோம். பிரதமரின் ஆய்வு உதவித்தொகையுடன் ஐஐடியில் சேர்பவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 70,000 ரூபாய். ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு இன்னொரு 2 லட்சம். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு நல்கை) பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. ஜேஆர்எஃப் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்பவருக்கு 8,000. மாநிலப் பல்கலைக்கழகத்திலோ அதனுடன் இணைந்த கல்லூரியிலோ சேரும் நான்காமவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அவர்தான் ஆண்டுதோறும் பணம் கட்டுகிறார். நால்வரும் வாங்கப்போவது ஒரே பட்டம். இடையே உள்ள இந்தப் பள்ளத்தைத் திறமை வேறுபாடு என்று சொல்லி மூடிவிட முடியாது.

ஜேஆர்எஃப் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். 2024-ல் நெட் தேர்வை முனைவர் பட்டச் சேர்க்கைக்கான தகுதியாகவும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஆக்கியது. அந்த ஆண்டின் ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்கள் சுமார் 6.84 லட்சம் பேர். ஜேஆர்எஃப் பெற்றவர்கள் 5,000 பேருக்கும் குறைவு. ‘முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி’ என்ற புதிய பிரிவில் தேறியவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். ஆய்வு செய்யத் தகுதி உண்டு, அதற்கான பணம் மட்டும் கிடையாது என்று அரசே தேர்வு வைத்து அறிவித்திருக்கிறது. உயர்கல்விக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி முனைவர் பட்ட மாணவர்கள் 2014-15-ல் 1.17 லட்சம், 2021-22-ல் 2.12 லட்சம். ஏழே ஆண்டுகளில் 81 சதவீத வளர்ச்சி. எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டுபவர்கள், இவர்கள் எதை வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா?

அந்த 8,000 ரூபாயின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 2012-ல் இந்தத் தொகை நிர்ணயிக்கப்பட்டபோது ஜேஆர்எஃப் 16,000 ரூபாய். இது அதில் சரிபாதி. பிறகு ஜேஆர்எஃப் 25,000, 31,000, 37,000 என்று மூன்று முறை உயர்ந்தது. இது அசையவில்லை, இன்று ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். இதையும் நிறுத்திவிட 2015 அக்டோபரில் யுஜிசி முடிவெடுத்தது. மாணவர்கள் டெல்லியில் யுஜிசி அலுவலகத்தின் முன்னால் வாரக்கணக்கில் போராடித்தான் காப்பாற்றினார்கள். நாளுக்குக் கணக்கிட்டால் 267 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ல் அறிவிக்கப்பட்ட நாள் கூலியே 336 ரூபாய்.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் இதுவும் இல்லை என்பதோடு முடிவதில்லை. பதிவுக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், முன்தகுதித் தேர்வுக் கட்டணம், ஆய்வுச் சுருக்கம் கொடுக்க ஒன்று, ஆய்வேடு சமர்ப்பிக்க ஒன்று, காலநீட்டிப்புக்கு ஒன்று என நீளுகிறது பட்டியல். முழுநேர ஆய்வாளர் வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. வருமானத்தைத் தடுத்துவிட்டுக் கட்டணமும் கேட்டால், குடும்பத்தில் பணம் உள்ளவர்தான் தாங்குவார். மற்றவர்கள் மாலையில் டியூஷன் எடுத்தும் தனியார் கல்லூரியில் மறைமுகமாக வேலை பார்த்தும் ஓட்டுகிறார்கள். மூன்று ஆண்டு ஆய்வு ஆறு ஆண்டாகிறது, அதற்கும் காலநீட்டிப்புக் கட்டணம்.

நல்கை பெற்றவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா? யுஜிசி நல்கை பெறுபவர் ஒவ்வொரு மாதமும் வருகைச் சான்றில் நெறியாளரிடமும் துறைத்தலைவரிடமும் கையெழுத்து வாங்கிப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அங்கே ஓர் ஊழியர் அதை வங்கியின் இணையதளத்தில் ஏற்ற, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதப் பணம் நின்றுவிடும். இரண்டு ஆண்டு முடிந்து முதுநிலை ஆய்வாளராக உயர்த்தும் கோப்பு தேங்கினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். பட்டியலின, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான தேசிய நல்கைகளை 2022-ல் யுஜிசியிடமிருந்து எடுத்து வேறு அமைப்புகளிடம் கொடுத்த பிறகும் தாமதப் புகார்கள் ஓயவில்லை. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் நல்கையோ 2022-23 முதல் நிறுத்தப்பட்டே விட்டது. முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தவர்களுக்குத்தான் இந்த அடி பலமாக விழுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது தரம் பற்றிய வாதம்: ‘ஆய்வேடுகள் பெருகிவிட்டன, பாதி வெறும் வெட்டி ஒட்டும் வேலை, இதற்கெல்லாமா மக்கள் வரிப்பணம்?’ ஆய்வுத் தரம் சரிந்திருப்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சரிவில் பணமின்மைக்குப் பெரும் பங்கு உண்டு. செலவில்லாமல் ஆள் கிடைப்பதால்தான் பல்கலைக்கழகம் கண்மூடிச் சேர்க்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் மாதாமாதம் பணம் தந்தாக வேண்டும் என்றால் யாரை, எந்தத் தலைப்பில், எந்த நெறியாளரிடம் சேர்ப்பது என்று நிர்வாகம் இருமுறை யோசிக்கும். இடங்கள் குறைந்தால் குறையட்டும். ‘மாணவர்தானே, கட்டணம் கட்டினால் என்ன?’ என்பது இன்னொரு கேள்வி. இவர்கள் ஆய்வகத்தை நடத்துகிறார்கள், முதுகலை மாணவர்களின் திட்டப்பணிக்கு உதவுகிறார்கள். இவர்கள் எழுதும் கட்டுரைகளையும் முடிக்கும் பட்டங்களையும் எண்ணித்தான் உயர்கல்வி நிறுவனங்களுக்கான என்ஐஆர்எஃப் தரவரிசை போடப்படுகிறது. நெதர்லாந்திலும் நார்வேயிலும் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பொதுவாகச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். கல்வி பெரும் வணிகமாகிவிட்ட பிரிட்டனில்கூட, அரசின் ஆய்வு நிதி அமைப்பான யுகேஆர்ஐயின் நிதியில் ஆய்வு செய்பவருக்குக் கட்டணத்தை அந்த அமைப்பே செலுத்தி, 2025-26-ல் ஆண்டுக்கு 20,780 பவுண்டு உதவித்தொகையும் தருகிறது.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். உதவி இல்லாத முழுநேர ஆய்வாளர்கள் ஒரு லட்சம் பேர் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 கொடுத்தால் ஆண்டுக்கு 2,400 கோடி ஆகும். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் 2025 ஜூலையில் ஆராய்ச்சி, புதுமைத் திட்டத்துக்கான ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதியத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தனியார் நிறுவன ஆராய்ச்சிக்கு நீண்டகாலக் கடனும் முதலீடும் தருவது அதன் நோக்கம். அந்த ஆய்வகங்களுக்கு நாளைக்கு ஆள் எங்கிருந்து வரும்?

தமிழ்நாடு சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கான ஊக்கத்தொகை ஆண்டுக்கு ஒரு லட்சமாக உயர்ந்தது. முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000. பின்னதற்கு 2023-ல் அறிவிக்கப்பட்ட இடங்கள் 120 மட்டுமே; இத்தனை பல்கலைக்கழகங்கள் உள்ள மாநிலத்துக்கு இது போதவே போதாது. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் தடுமாறும் பல்கலைக்கழகங்கள் தாமாகக் கட்டணத்தை விட்டுவிடும் என்றும் எதிர்பார்க்க முடியாது. அந்த இழப்பை அரசுதான் ஈடுகட்ட வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே தமிழக அரசு இரண்டு அறிவிப்புகளைச் செய்யட்டும்: மாநிலப் பல்கலைக்கழகங்களில் முழுநேர ஆய்வாளருக்கு எந்தக் கட்டணமும் இல்லை, உதவித்தொகை உறுதியாகாமல் முழுநேர ஆய்வுக்குச் சேர்க்கையும் இல்லை.